கேள்வி டெல்லிக்குப் போனால்

“மக்களவையில் எழுத்துபூர்வமாக அளித்த பதிலில் அமைச்சர் கூறியிருப்பதாவது” என்று தொடங்கும் செய்தியை முதல் வரியோடு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். கீரப்பாளையத்தில் சம்பா பயிரிடுகிறவர். “அவரு கேக்குறாரு, இவரு சொல்றாரு. களத்துல கெடக்குற நெல்லு அங்கயேதான் கெடக்குது. இதுக்கு எதுக்குப்பா கேள்வி?” என்பார். ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை இது. கேள்வி கேட்டதனாலேயே காரியம் நடந்துவிடாது என்பதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பதில் என்று வருகிற அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் சரக்கு உண்டு என்பது என் கட்சி.

முதலில், யாரைக் கேட்பது? நெல்லையே எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், அதாவது நம் பக்கத்துப் பேச்சில் டி.பி.சி.யில், சாக்கு இல்லை, லாரி வரவில்லை, எடை போட ஆள் இல்லை என்றால் அது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பாடு. மாநில அரசின் நிறுவனம். அதைக் கேட்க வேண்டிய இடம் சென்னைக் கோட்டை. கேட்க வேண்டியவர் எம்.எல்.ஏ. ஆனால் “ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, எடுக்க முடியாது” என்று திருப்பி அனுப்பினால் அந்த 17 என்ற எண் டெல்லியில் எழுதியது. வாங்கும் நெல் அரிசியாகி மத்தியத் தொகுப்புக் கணக்கில் சேர்வதால் தர விதியை வகுப்பது மத்திய உணவுத் துறை. மழையில் நனைந்த வருஷங்களில் 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று மாநிலம் எழுதுவதும், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போவதும் நமக்குப் பழகிய காட்சி. 2023 பிப்ரவரியில், பருவம் தவறிய மழைக்குப் பிறகு, டெல்டா மாவட்டங்களுக்கு 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். ஆக, ஒரே மூட்டை நெல்லுக்கு இரண்டு சபைகளில் இரண்டு கேள்வி. இதை மாற்றிக் கேட்டால் “இது மாநில அரசின் பொறுப்பில் உள்ளது” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்றால் கேள்வியை அனுமதிக்காமலே விடவும் விதி இருக்கிறது.

சட்டமன்றக் கேள்விக்கு என்று ஒரு தனி நடை உண்டு. “பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?” என்று கேட்பார்கள். “கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை” என்று பதில் வரும். 2022 ஜனவரியிலிருந்து சட்டமன்றக் கேள்வி நேரம் நேரலையில் வருவதால் நம் ஊர்ப் பெயர் உச்சரிக்கப்படுவதை வீட்டிலிருந்தே கேட்க முடிகிறது. அதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

நாடாளுமன்ற நடை வேறு. “அமைச்சர் தயவுகூர்ந்து தெரிவிப்பாரா” என்று தொடங்கி, (அ), (ஆ), (இ) என்று பிரித்து, 150 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். வாதம் கூடாது, கிண்டல் கூடாது, யார் மீதும் பழி கூடாது, “இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்” என்ற கற்பனை கூடாது, அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொடக் கூடாது. சித்தப்பா கேட்கிற மாதிரி “எங்க வயித்துல அடிக்கிறது நியாயமா?” என்று கேட்டால் அலுவலகத்திலேயே நின்றுவிடும். 15 முழு நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் குவிகிற கேள்விகளில் எது முன்னால், எது பின்னால் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும்.

இப்படித் தேறியவை இரண்டு வகை. நட்சத்திரக் குறி போட்டவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் நாளொன்றுக்கு 20. குறி போடாதவற்றுக்குத் தாளில் பதில்; 230 வரை. மாநிலங்களவையில் இவை 15, 160. மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு. ஒரு மணி நேரத்தில் அந்த இருபதில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டினாலே பெரிது. 2019 நவம்பர் 27 அன்று இருபதையும் முடித்தார்கள். 1972-க்குப் பிறகு அப்படி நடந்தது அன்றுதான் என்று சபாநாயகருக்குப் பாராட்டு. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2009 நவம்பர் 30 அன்று, கேள்வி கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் வராததால் கேள்வி நேரமே பாதியில் படுத்துவிட்டது. அமைச்சர்கள் பதிலோடு காத்திருந்தார்கள், கேட்க ஆள் இல்லை. இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

நட்சத்திரக் கேள்வியின் மவுசு துணைக் கேள்வியில் இருக்கிறது. அச்சிட்ட பதிலை அமைச்சர் மேசையில் வைத்துவிடுவார். அது அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது, சிக்கல் இல்லை. பிறகு கேட்டவர் எழுந்து இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம், மற்றவர்களும் சபாநாயகர் அழைத்தால் கேட்கலாம். அது என்னவாக இருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அமைச்சர் கையில் கனத்த குறிப்புக் கட்டு இருக்கும். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு போகும். அதற்குள் அவர் பேசியாக வேண்டும். துறையை அமைச்சர் நடத்துகிறாரா, துறை அமைச்சரை நடத்துகிறதா என்பது அந்த இரண்டு நிமிஷத்தில் தெரிந்துபோகும்.

இந்தத் துணைக் கேள்வி உரிமை சும்மா வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 1892 சட்டம்தான் சட்டசபை உறுப்பினருக்குக் கேள்வி கேட்கவே இடம் கொடுத்தது. மறு வருஷமே பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். அரசு அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து முகாம் போடும்போது அவர்களுக்குச் சாமான் கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் படும் சங்கடம் பற்றியது அந்தக் கேள்வி. இந்தியாவின் முதல் கேள்வியே மளிகைக் கடைக்காரரின் கேள்வி! பதில் வந்தால் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், மறுகேள்வி கிடையாது. 1909-இல் கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி உரிமை கிடைத்தது. 1919-க்குப் பிறகு எல்லா உறுப்பினருக்கும். அதை ஆயுதமாக்கியவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, 1935 முதல் மத்திய சட்டசபையில் கேள்வி நேரம் என்றாலே ஆங்கிலேய அதிகாரிகளை நடுங்கவைத்தவர் என்று பேர் எடுத்தார்.

அடி வாங்கிய பக்கத்திலும் ஒரு தமிழர் உண்டு. 1957-இல், நாட்டுடைமையாகி ஒரு வருஷமே ஆகியிருந்த எல்.ஐ.சி., முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டிருந்தது. விஷயம் சபைக்கு வந்தது ஒரு சாதாரணக் கேள்வியாகத்தான். பதில் வழவழவென்று இருந்தது. கேட்டவர்கள் விடவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி, ஆளும் கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன், முழு விவரத்தோடு எழுந்தார். மறு ஜனவரியில் நீதிபதி சாக்லா விசாரணை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. அவர் காசு வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சர் பொறுப்பு என்பதே தீர்ப்பு. முதல் பதிலிலேயே முழுசாகச் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, 230 எழுத்துப் பதிலுக்கு வருவோம். என் அக்கறை அதில்தான், ஏனென்றால் நம்மைப் போன்ற ஊர்களின் பேர் அடிபடுவது அங்கேதான். நூறு நாள் வேலை பற்றி ஒன்றியவாரியாக விவரம் கேட்டு ஒரு கேள்வி அனுமதிக்கப்பட்டது என்று வையுங்கள். டெல்லி அமைச்சகம் சென்னைக்கு எழுதும். சென்னை கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதும். அங்கிருந்து கீரப்பாளையம் யூனியன் ஆபீசுக்கு ஒரு படிவம் வரும், “நாடாளுமன்றக் கேள்வி, மிக அவசரம், இன்று மாலைக்குள்” என்று. சட்டமன்றக் கேள்வியானால் “எல்.ஏ.கியூ. வந்திருக்கு” என்பார்கள், அன்றைக்கு வந்த மனுவெல்லாம் ஓரமாகப் போகும். ஊராட்சிச் செயலருக்குப் போன் பறக்கும். எண் மேலே போய்ச் சேரும். இப்படி ஏறிய எண்தான் அமைச்சர் பெயரில் சபை மேசையில் வைக்கப்படுகிறது. ஒருமுறை வைத்துவிட்டால் அது அரசின் வாக்கு. பிற்பாடு நீதிமன்றத்தில், தணிக்கையில், போராட்டத் துண்டறிக்கையில் “நீங்களே சொன்னதுதானே” என்று எடுத்துக் காட்டலாம். பத்திரிகைக்காரன் எழுதினால் மறுப்பு அறிக்கை விடலாம். தன் பதிலைத் தானே எப்படி மறுப்பது?

அதனால்தான் சில பதில்கள் எதையும் சொல்லாமல் இருக்கப் படாதபாடு படுகின்றன. ரயில் நிறுத்தம் கேட்டுப் பாருங்கள். சிதம்பரமாக இருந்தாலும் வேறு எந்த ஊராக இருந்தாலும், “நிறுத்தம் வழங்குவது தொடர் நடைமுறை, இயக்கச் சாத்தியம், போக்குவரத்துத் தேவை ஆகியவற்றுக்கு உட்பட்டது” என்ற பதில்தான் வரும். ஊர்ப் பெயரை மாற்றி ஒட்டினால் போதும். இன்னொன்று, “மேற்கண்ட பதிலைக் கருத்தில் கொண்டு, கேள்வி எழவில்லை.” (அ)-வுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு (ஆ), (இ), (ஈ) மூன்றையும் இந்த ஒரு வரியில் அமுக்கிவிடலாம்.

இதன் முழு வீச்சைப் பார்க்க வேண்டுமானால் 2020 செப்டம்பருக்குப் போக வேண்டும். கொரோனாவைக் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே நிறுத்தியிருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் உண்டு. ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்ற கேள்விக்குத் தொழிலாளர் துறை அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று சொன்ன பதில்: அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. இழப்பீடா? கேள்வி எழவில்லை. நாடே கொதித்தது. ஆனால் அதே வாரம் மாநிலங்களவையில் ரயில்வேயைப் பார்த்து வேறொரு கேள்வி வந்தது. சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது எத்தனை பேர் இறந்தார்கள்? செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று ரயில்வே அமைச்சர் பதில் கொடுத்தார். ஒரு துறையிடம் தரவே இல்லை, இன்னொரு துறையிடம் எண்ணோடு இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் கை விரிப்பார்கள். ரயில் விபரமாவது ரயில்வே போலீசிடம் இருந்தே தீரும் என்று தெரிந்து, குறுக்கிக் கேட்டவருக்குப் பதில் வந்தது. கேட்கிற கலை என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான்.

“ஒண்ணையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்களே, அது எதுக்கு?” என்றார் சித்தப்பா. நல்ல கேள்வி. மேகதாதுவைப் பாருங்கள். காவிரியின் கடைக்கோடியில் வீராணத்தை நம்பியிருக்கிற நமக்கு அது தூரத்து விஷயம் இல்லை. கர்நாடகம் அங்கே அணை கட்ட விரிவான திட்ட அறிக்கையை 2019 ஜனவரியில் மத்திய நீர் ஆணையத்திடம் கொடுத்தது. அன்றிலிருந்து நம் எம்.பி.க்கள் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் கேட்டார்கள். பதிலும் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. அறிக்கை காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதன் ஏற்பு இருந்தால்தான் மேற்கொண்டு பரிசீலனை. மாநிலங்களிடையே கருத்தொற்றுமை இல்லாததால் விவாதிக்கப்படவில்லை. படிக்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் மதகில் அளவுகோலை தினமும் போய்ப் பார்க்கிற லஸ்கருக்கு நேற்றைய அளவே இன்றும் இருப்பது வீண் வேலை இல்லை. மாறினால் அன்றே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பார்க்கிறார். “மேலாண்மை ஆணையத்தின் ஏற்பு இருந்தால்தான்” என்ற சொற்றொடர் ஒரு பதிலில் காணாமல் போயிருந்தால் அதுவே தலைப்புச் செய்தி. அரசு அதை ஒவ்வொரு முறையும் எழுதிக் கையெழுத்திட வைப்பதே கேட்டவரின் வேலை. 2024 பிப்ரவரியில் மேலாண்மை ஆணையம் அந்த அறிக்கையை நீர் ஆணையத்துக்கே திருப்பி அனுப்ப முடிவெடுத்தது. இப்படி ஒரு திருப்பம் வந்தால், பழைய வாசகத்தை அப்படியே வைக்க முடியாது.

மழுப்பல் என்று நாம் தள்ளுகிற சில வரிகளுக்குப் பின்னால் வேறொரு கணக்கும் ஓடுகிறது. “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்”, “இதைக் கவனிக்கிறேன்” என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகும் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இதைத் துரத்துவதற்கென்றே 1953 டிசம்பரில் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு அமைந்தது. துறைச் செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து “என்ன ஆச்சு?” என்று கேட்கும் குழு. வருஷக்கணக்கில் கிடப்பில் போனவையும், துறையே கேட்டுக் கைவிட வைத்தவையும் ஏராளம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ்ப் பத்திரிகைகள் உறுதிமொழி கொடுத்ததைப் போடுகிற அளவுக்கு, குழு அதைப் பற்றிக் கேட்டதைப் போடுவதில்லை. எங்களைப் போன்றவர்கள் மேல்தான் குறை.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. எம்.பி. தமிழில் கேட்கலாம், மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் அமைச்சர் பதில் சொல்வது இந்தியில் அல்லது ஆங்கிலத்தில். ரசாயன உரத் துறை அமைச்சராக இருந்த மு.க.அழகிரி தமிழில் பதில் சொல்ல அனுமதி கேட்டுக் கிடைக்காமல், இணை அமைச்சர் எழுந்து பதில் சொன்ன காலம் நினைவிருக்கலாம். அன்று அவரைக் கேலி செய்தார்கள். விதியைக் கேலி செய்திருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, கேள்வியால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு வெளியே தேட வேண்டாம், நம் வாசலிலேயே நடந்தது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, குமராட்சி, அப்புறம் நம் கீரப்பாளையம். மூன்று வருஷம் கழித்து, 2023 மார்ச் 29 அன்று, மத்திய நிலக்கரித் துறை சுரங்கம் தோண்ட ஏலத்துக்கு வைத்த இடங்களின் பட்டியலில் கிழக்குச் சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி மூன்றும் இருந்தன. இவற்றில் கிழக்குச் சேத்தியாத்தோப்பும் வடசேரியும் அந்தப் பாதுகாப்பு மண்டலத்துக்குள். கூட்டத்தொடர் ஏப்ரல் 6-ஆம் தேதி முடிகிறது. 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கேட்க வேண்டும் என்றால் அடுத்து ஜூலையில்தான். குறுகிய அவகாசக் கேள்விக்கு அமைச்சரே சம்மதிக்க வேண்டும். போதாததற்கு அந்தக் கூட்டத்தொடரே அமளியில் முடங்கிக் கிடந்தது. கேள்வி என்ற கருவி அந்த எட்டு நாளில் எதற்கும் உதவியிருக்காது.

அதனால் வேறு வழிகளில் போனார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானத்தின்மேல் எல்லாக் கட்சியும் பேசின. மக்களவையில் டி.ஆர்.பாலு ஒத்திவைப்புத் தீர்மான நோட்டீஸ் கொடுத்தார். ஊர் ஊராக விவசாயிகள் கூடினார்கள். ஏப்ரல் 8 அன்று அப்போதைய நிலக்கரித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டதாக அறிவித்தார். “பாத்தியா, கேள்வியே கேக்கல, காரியம் ஆச்சு” என்றார் சித்தப்பா. ஆச்சுதான். ஆனால் பட்டியலில் சேர்க்கும் முன் மாநிலத்தைக் கேட்டீர்களா, எந்தத் தேதியில் கேட்டீர்கள், மாநிலம் என்ன சொன்னது, இனி அந்த மண்டலத்தில் சேர்க்க மாட்டீர்களா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குகிற வேலை, அறிவிப்பால் தீர்வதில்லை. அமைச்சர் ட்விட்டரில் போட்டதற்கும் அவை மேசையில் வைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த அமைச்சர் முன்னதைத் தெரியாது என்று சொல்லலாம்.

ஈரப்பதம் பற்றிய கேள்வியைச் சித்தப்பாவுக்காக நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். (அ) நெல்லின் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி தமிழ்நாட்டிலிருந்து கடந்த மூன்று கொள்முதல் பருவங்களில் வந்த கடிதங்களின் தேதிகள். (ஆ) ஆய்வுக் குழு வந்த தேதி, அறிக்கை கொடுத்த தேதி, உத்தரவு வெளியான தேதி. (இ) கடலூர் மாவட்டத்தில் எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கை, அவற்றில் காணப்பட்ட ஈரப்பதம். (ஈ) கோரிக்கை வந்து இத்தனை நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று விதி உண்டா, இல்லையென்றால் காரணம். “நியாயமா” என்ற சொல் எங்கும் இல்லை. எல்லாமே தேதியும் எண்ணும். தேதிகள் வரிசையாக வந்தால் குழு வருவதற்குள் நெல் முளைத்ததா இல்லையா என்பது தானே தெரியும்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை எப்பக் குடுக்கணும்?” பட்ஜெட் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜனவரி கடைசியில் தொடங்கும், நம் சம்பா அறுவடையும் அப்போதுதான். உறுப்பினர்களுக்கு அழைப்பாணை போனதும் கேள்வி கொடுக்க ஆரம்பிப்பார்கள். உணவுத் துறைக்கு வாரத்தில் ஒரே நாள்தான், அதற்குப் பதினைந்து நாள் முன்னால் தாள் உள்ளே போயிருக்க வேண்டும். ஆகவே பொங்கலுக்கு முன்பே எம்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிடுவது நல்லது, நட்சத்திரக் குறி வேண்டும் என்று கேட்டு. மாநிலங்களவை எம்.பி. ஒருவரிடமும் அதே தாளைக் கொடுத்து வைக்கலாம். குலுக்கலில் ஒன்று போனாலும் இன்னொன்று விழும்.